கேமுக்கும் பாட்டுக்கும் ஒரே ஹெட்செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்களில் யார் ஹெட்செட் வாங்கக் கிளம்பினாலும் கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: கையைக் கடிக்காத விலையில், கேமுக்கும் ஆக வேண்டும், பாட்டுக்கும் ஆக வேண்டும், இரண்டு வாங்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் ‘கேமிங்’ என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

அவசியமில்லை. ஹெட்ஃபோனோடு மைக்கைச் சேர்த்தால் ஹெட்செட். அதில் விளக்கைப் பொருத்தி, ஓரங்களைக் கூராக்கினால் கேமிங் ஹெட்செட். காதுக்குள் போகும் சத்தத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாமான்தான்.

2014-ல் வந்து பெரிய பெயர் எடுத்த ஹைப்பர்எக்ஸ் கிளவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸ்டார் என்ற சீன நிறுவனத்தின் புரோ 80 என்ற ஸ்டுடியோ ஹெட்ஃபோன்தான் அதற்கு அடிப்படை. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்து மைக் மாட்டினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அது கேமுக்கு மட்டுமல்லாமல் பாட்டுக்கும் நன்றாக இருந்தது.

நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: முதலில் அது ஹெட்ஃபோனாகத் தேறுகிறதா என்று பாருங்கள். பாட்டு நன்றாகக் கேட்கும் ஹெட்ஃபோனில் கேமும் நன்றாகத்தான் கேட்கும். மறுபக்கம் அப்படிச் சொல்ல முடியாது. மைக்கைப் பிறகுகூடச் சேர்த்துக்கொள்ளலாம். சத்தத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

பெட்டியில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது?

முக்கால்வாசியைப் பார்க்கவே வேண்டாம். ‘50 மி.மீ. டிரைவர்’ என்பது உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியின் விட்டம். பெரிய டிரைவர் என்றால் நல்ல சத்தம் என்று அர்த்தமில்லை. அகன்ற அடுப்பில் சமைத்தால் சாப்பாடு ருசியாகிவிடுமா? 40 மி.மீ. டிரைவரில் அருமையான ஹெட்ஃபோன்கள் இருக்கின்றன, 50 மி.மீ. டிரைவரில் குப்பையும் இருக்கிறது.

‘10 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பதும் இதே கதைதான். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். அந்த எல்லைக்குள் எந்த ஒலி தூக்கலாக இருக்கிறது, எது அமுங்குகிறது என்பதுதான் முக்கியம். அதைப் பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது ஓம் கணக்கு, அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பு. 16 முதல் 32 ஓம் வரை என்றால் ஃபோன், மடிக்கணினி, கன்ட்ரோலர் எதில் மாட்டினாலும் பெரும்பாலும் போதுமான சத்தம் வரும். 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்ஃபோன் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கினால், ஃபோனில் சத்தத்தை முழுதாக வைத்தாலும் முனகும். அப்புறம் அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் தேட வேண்டும்.

7.1 சரவுண்ட் இருந்தால்தானே எதிரி எங்கிருந்து வருகிறான் என்று தெரியும்?

என்னை அதிகம் எரிச்சலூட்டும் ஸ்டிக்கர் இதுதான். சுற்றிலும் எட்டு ஒலிபெருக்கி இருப்பதுபோலக் கேட்கும் என்பதைத்தான் 7.1 என்கிறார்கள். அந்த ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வலது காதுக்கு ஒரு டிரைவர், இடது காதுக்கு ஒரு டிரைவர், அவ்வளவுதான் இருக்கும். மிச்சம் எல்லாம் மென்பொருள் செய்யும் வேலை.

நமக்கே இரண்டு காதுதான். இடப்பக்கம் வரும் சத்தம் இடது காதை முதலில் தொட்டு, வலது காதுக்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதத்தில், கொஞ்சம் மங்கலாகப் போய்ச் சேர்கிறது. முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடலின் மடிப்புகள் ஒலியை மாற்றும் விதத்தில் மூளை கண்டுபிடிக்கிறது. இதையெல்லாம் கணக்குப் போட்டு இரண்டே டிரைவரில் கொண்டுவரும் முறைக்கு ஹெச்.ஆர்.டி.எஃப். என்று பெயர்.

அந்தக் கணக்கை ஹெட்செட்தான் போட வேண்டும் என்பதில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக், வேலோரன்ட் போன்ற கேம்களுக்குள்ளேயே அது இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் சோனிக் இலவசமாகவே வருகிறது. பிளேஸ்டேஷன் 5-ன் முப்பரிமாண ஒலி எந்தச் சாதாரண ஸ்டீரியோ ஹெட்ஃபோனிலும் வேலை செய்யும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: கேமுக்குள் ஒன்று, விண்டோஸில் ஒன்று, ஹெட்செட்டின் செயலியில் இன்னொன்று என மூன்றையும் போட்டுவிடாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காலடிச் சத்தம் குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். கேமில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாட்டு கேட்கும்போது எதுவுமே வேண்டாம்.

ஏற்கெனவே நல்ல ப்ளூடூத் ஹெட்ஃபோன் இருக்கிறது. அதையே கேமுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

சீட்டாட்டம், சதுரங்கம், நிதானமாகக் கதை போகும் கேம் என்றால் தாராளமாக. சுடுகிற கேம், தாளத்துக்குத் தட்டுகிற கேம் என்றால் வேண்டாம். இதற்கு இரண்டு காரணம். இரண்டாவதைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

முதல் காரணம் தாமதம். சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் சகஜம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. 200 மில்லி விநாடி தாமதம் என்றால், நீங்கள் சுட்டு 12 ஃபிரேம் போன பிறகுதான் ‘டுமீல்’ கேட்கும். ‘படம் பார்க்கும்போது இப்படித் தெரியவில்லையே’ என்பார்கள். வீடியோ செயலி, படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சரிக்கட்டிவிடுகிறது. கேமால் அது முடியாது. அடுத்து நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது காரணம் மைக். பாட்டு கேட்க ப்ளூடூத் ஒரு வழியைப் பயன்படுத்துகிறது, பேச இன்னொரு வழி. பழைய முறைப்படி மைக் விழித்துக்கொண்டதும் சத்தம் முழுவதும் பேசும் வழிக்குத் தாவிவிடும். அந்த வழியில் ஸ்டீரியோ கிடையாது, மேல் ஸ்தாயி வெட்டுப்படும். கணினியில் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியைத் திறந்து நண்பர்களோடு பேச ஆரம்பித்த நொடியில், அதுவரை கணீரென்று இருந்த கேம் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது கெடவில்லை, அதன் இயல்பே அப்படி.

கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டுமென்றால், கணினியின் ஒலி அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்ஃபோன் பாட்டு வழியிலேயே இருக்கும், தரம் இறங்காது. 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.ஈ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை இந்தக் குறையைச் சரிசெய்கிறது. ஆனால் ஹெட்செட், கணினி இரண்டிலும் அது இருந்தால்தான் பலன்.

வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால்?

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருவதைப் பாருங்கள். விரல்நுனி அளவில் ஒரு யூ.எஸ்.பி. குச்சி கூடவே வரும். ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. ஆனால் டாங்கிள் தன் ஹெட்செட்டோடு மட்டும் தனி மொழியில் பேசுவதால் தாமதம் மிகவும் குறைந்துவிடும். பெரும்பாலானோருக்கு வயருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. டாங்கிள், ப்ளூடூத் இரண்டும் உள்ள மாடல் கிடைத்தால் வீட்டில் கேமுக்கு ஒன்று, வெளியில் பாட்டுக்கு இன்னொன்று.

ஆனால் ஒரே விலையில் வயர் உள்ளது, இல்லாதது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அநேகமாக வயர் உள்ளதுதான் ஜெயிக்கும். வயர் இல்லாததில் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் பணம் போய்விடுகிறது. அந்த பேட்டரி சில வருடங்களில் தளரும். டாங்கிளைத் தொலைத்தால் கதை முடிந்தது. நான் இன்னும் வயரில்தான் இருக்கிறேன்.

கன்சோலில் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

3.5 மி.மீ. பின் என்றால் கவலையே வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரிலும் இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் அந்தத் துளை இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்சில் கருவியிலேயே இருக்கிறது.

வயர் இல்லாதது என்றால் நிதானம் தேவை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாது. எக்ஸ்பாக்ஸ் தன் சொந்த வயர்லெஸ் முறையை வைத்திருப்பதால், பிளேஸ்டேஷனுக்கு என்று விற்கும் டாங்கிளைச் செருகினாலும் பேசாமல் இருக்கும். பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் ப்ளூடூத் ஒலியைச் சேர்த்தது. அதில் கேட்கலாம், ப்ளூடூத் மைக்கில் பேச முடியாது.

கணினியில் இரண்டு துளை இருக்கிறது, ஹெட்செட்டில் ஒரே பின். என்ன செய்வது?

பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கருப்பு வளையம் இருந்தால் அது நான்கு பகுதி கொண்ட பின்: இடது, வலது, தரை (கிரவுண்ட் எனப்படும் பொது இணைப்பு), மைக். இரண்டு வளையம் என்றால் மைக் கிடையாது, சத்தம் மட்டும்.

நான்கு பகுதிப் பின்னை மேசைக் கணினியின் பச்சை, இளஞ்சிவப்புத் துளைகளில் மாட்ட ‘ஒய்’ வடிவப் பிரிப்பான் வேண்டும். ஒரு பக்கம் ஒற்றைத் துளை, மறுபக்கம் இரண்டு பின். பார்க்க இதே மாதிரி, ஆனால் தலைகீழாக, இரண்டு துளையும் ஒரு பின்னுமாக இன்னொன்றும் விற்கிறார்கள். அது பழைய இரட்டைப் பின் ஹெட்செட்டை ஃபோனில் மாட்டுவதற்கு. இந்த இரண்டாவதை வாங்கி மேசைக் கணினியில் மாட்ட முயன்றவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு வேடிக்கை: பின் முழுதாக உள்ளே போகாவிட்டாலோ, தரையும் மைக்கும் இடம் மாறிய பழைய வகைப் பின்னாக இருந்தாலோ, பாட்டில் வாத்தியம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும், பாடகர் காணாமல் போய்விடுவார். பொதுவான தரை இணைப்பு விட்டுப்போவதால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி அழிந்து, வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. பாடகர் குரல் பெரும்பாலும் நடுவில் இருப்பதால் அதுதான் முதலில் போகும். இப்படிக் கேட்டால் பின்னை இன்னும் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

யூ.எஸ்.பி.யா, 3.5 மி.மீ. பின்னா?

யூ.எஸ்.பி. ஹெட்செட் தனக்குள்ளேயே சின்ன ஒலி அட்டை ஒன்றை வைத்திருக்கிறது. கணினியின் முன்பக்கத் துளையில் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் வந்தால் அது நல்ல வழி. ஆனால் அந்த அட்டை செத்தால் ஹெட்செட்டும் செத்தது. பின் என்றால் எங்கும் மாட்டலாம், ஃபோனுக்குத் துளை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி வாங்கிக்கொள்ளலாம். மாற்றியில் ‘டேக்’ எனப்படும் ஒலிச் சில்லு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சில்லு இல்லாத வெறும் வயர் மாற்றிகள் பல ஃபோன்களில் வேலை செய்யாது.

இரண்டுக்கும் பொது உபயோகம் என்றால் என் ஓட்டு பின்னுக்கே.

மூடியது, திறந்தது என்கிறார்களே, என்ன அது?

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருந்தால் மூடியது. வலைபோல ஓட்டை இருந்தால் திறந்தது. திறந்ததில் சத்தம் தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிந்து கேட்கும், காதும் வியர்க்காது. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் உங்களுக்கும் கேட்கும். கேம் சத்தம் உங்கள் மைக்கிலேயே கசிந்து நண்பர் காதில் எதிரொலிக்கவும் வாய்ப்புண்டு.

தனி அறை இருந்தால் திறந்ததை ஒருமுறை முயன்று பாருங்கள். பிலிப்ஸ் எஸ்.ஹெச்.பி. 9500 இதில் நீண்ட காலமாகப் பேர்போன ஒன்று. அதன் வயரைக் கழற்றிவிட்டு வி-மோடா பூம்புரோ என்ற மைக் உள்ள வயரை மாட்டினால், பாட்டுக்கும் கேமுக்கும் பொருந்தும் ஹெட்செட் ஆகிவிடும். நாலு பேர் புழங்கும் இடம், பேருந்து, அலுவலகம் என்றால் மூடியதுதான்.

காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனில் கேம் ஆடலாமா?

ஆடலாம், அதுவும் பணம் குறைவாக இருந்தால் நான் முதலில் சொல்வதே இதைத்தான். மூன்டிராப், கே.இசட். போன்ற சீன நிறுவனங்களின் ஐ.இ.எம். வகை வயர் இயர்ஃபோன்கள், அதே விலைக்கு வரும் பெரிய ஹெட்செட்டுகளைச் சத்தத்தில் சாதாரணமாகத் தோற்கடிக்கும். பெரிய பிளாஸ்டிக் உடம்பு, மெத்தை, விளக்கு என எதற்கும் செலவில்லை. போட்ட பணம் ஒலிக்கே போகிறது. போட்டிகளில் ஆடும் வீரர்களைப் பாருங்கள், பலர் பெரிய ஹெட்செட்டுக்கு அடியில் காதுக்குள் இதைத்தான் வைத்திருப்பார்கள்.

காதுத் துளைக்கு ரப்பர் மூக்கு சரியாக உட்கார வேண்டும். சரியாக அடைபடாவிட்டால் பேஸ் எனும் அடித்தொனி காணாமல் போய், ‘தகர டப்பா’ என்று திட்டுவீர்கள். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். சிலருக்கு ஒரு காதுக்கு நடுத்தரம், மறு காதுக்குப் பெரியது பொருந்தும்.

மைக் எப்படி இருக்க வேண்டும்?

வாயருகே நீளும் குச்சி மைக்தான் நல்லது. வயரில் தொங்கும் மைக் சட்டையில் உரசும். காதுக் கிண்ணத்துக்குள் புதைத்த மைக், வாயிலிருந்து தூரம் என்பதால் அறையையும் சேர்த்துப் பிடிக்கும். குச்சியை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ‘ப’ சொல்லும்போது வரும் காற்றுச் சத்தம் போய்விடும். மலிவு ஹெட்செட்டுகளில் மைக்தான் பெரும்பாலும் முதல் பலி. நண்பர்களுக்கு நீங்கள் பேசுவது புரிந்தால் போதும் என்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஏ.என்.சி., ஈ.என்.சி. இரண்டும் ஒன்றா?

இல்லை. ஏ.என்.சி. உங்கள் காதுக்கு: வெளிச் சத்தத்துக்கு எதிர் அலையை உண்டாக்கி மின்விசிறி, எஞ்சின் போன்ற இரைச்சலைக் குறைக்கும். ஈ.என்.சி. எதிர்முனையில் இருப்பவருக்கு: உங்கள் மைக்கில் விழும் இரைச்சலை வடிகட்டும். ஈ.என்.சி. என்று போட்டிருப்பதை ஏ.என்.சி. என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். விற்பவர்களும் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை.

பேஸ் அதிகம் உள்ளதுதானே கேமுக்கு நல்லது?

குண்டு வெடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெடிச் சத்தம் நடுவே எதிரியின் காலடி அமுங்கிவிடும். பாட்டிலும் அதே கதி: தவில் கேட்கும், நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வரும். கொஞ்சம் அளவான பேஸ் உள்ளதை வாங்கிவிட்டு, வேண்டும்போது ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் கணினியின் மொத்தச் சத்தத்துக்கும் வேலை செய்யும். ஒரு பகுதியை ஏற்றினால் மொத்த அளவை அதே அளவு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் சத்தம் கரகரக்கும்.

விளக்கு?

இருட்டில் அழகு. தலையில் மாட்டியிருக்கும் உங்களுக்குத் தெரியாது.

மூன்று மணி நேரம் போட்டால் காது வலிக்கிறது. கண்ணாடி வேறு போடுகிறேன்.

எடை, அழுத்தம், மெத்தை மூன்றையும் பாருங்கள். 300 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்குத் தொந்தரவில்லை. 350-ஐத் தாண்டினால் உச்சந்தலை ஞாபகப்படுத்தும். காது முழுவதும் கிண்ணத்துக்குள் போக வேண்டும். மடல் ஓரம் மெத்தைக்கு அடியில் நசுங்கினால் அரைமணியில் வலிக்கும். கண்ணாடி போடுபவர்களுக்குத் துணி அல்லது வெல்வெட் மெத்தை நல்லது. தோல் மாதிரி மெத்தை கண்ணாடிக் காம்பின் ஓரம் இடைவெளி விடும், பேஸ் அதன் வழியே கசியும்.

என் பழைய ஹெட்செட் ஒன்றின் ‘தோல்’ ஒன்றரை வருடத்தில் உரிய ஆரம்பித்தது. கழற்றினால் காதோரம், கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் கருப்புச் செதில். மாற்று மெத்தை தேடினால் அந்த மாடலுக்கு எங்கும் கிடைக்கவில்லை. மெத்தையை உள்ளே ஒட்டியே வைத்திருந்தார்கள். சத்தம் நன்றாக இருந்த ஒரு ஹெட்செட் மெத்தைக்காகக் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து வாங்குமுன் மூன்று கேள்வி கேட்கிறேன்: மெத்தை கழலுமா, மாற்று மெத்தை கிடைக்குமா, வயர் கழலுமா. ஹெட்செட்டில் முதலில் சாகும் இடங்கள் மெத்தை, வயர், பின்னின் கழுத்து. இவற்றை மாற்ற முடிந்தால் அந்த ஹெட்செட் பல வருடம் ஓடும்.

எவ்வளவு சத்தம் வரை வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலைப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணிதான். குழந்தைகளுக்கு 75 டெசிபெல்லில் 40 மணி நேரம். டெசிபெல் அளக்கக் கருவி இல்லையென்றால், கழற்றியதும் காதில் ‘ஙொய்’ என்று கேட்கிறதா பாருங்கள். கேட்டால் நேற்றே குறைத்திருக்க வேண்டும்.

‘பழகப் பழகச் சத்தம் நன்றாகும்’ என்கிறார்களே?

பழகுவது பெரும்பாலும் உங்கள் காது. பிடிக்காததை, பழகிவிடும் என்று வைத்துக்கொண்டு திருப்பும் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

வாங்கிய அன்றே எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பெட்டியைக் கிழிக்காமல் திறங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தை மிகவும் குறைத்துக் கேளுங்கள். ஒரு காதில் மட்டும் அதிகமாக இருந்தால் இப்போதுதான் தெரியும். பாட்டு ஓடும்போதே பின் அருகிலும், வயர் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் மெல்ல ஆட்டுங்கள். கரகரத்தாலோ ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தாலோ அன்றே திருப்புங்கள், அது நாளாக நாளாக மோசமாகத்தான் போகும். மைக்கில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். மைக்கை அணைக்கும் பொத்தான் உண்மையிலேயே அணைக்கிறதா என்றும் பாருங்கள். அது தெரியாமல் போய் வீட்டுச் சண்டை முழுவதும் அணியில் இருந்த நாலு பேருக்கும் ஒலிபரப்பான கதை ஒன்று என்னிடம் உண்டு. கடைசியாக, கழற்றாமல் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பில்லையும் பெட்டியையும் திருப்பும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.